வலி கூடிக்கொண்டே போகிறதா? சொன்ன நோய்ப்பெயரை மறுபடி பரிசீலிக்கக் கேட்பது எப்படி

உங்கள் வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஃபைப்ரோமயால்ஜியா (உடலெங்கும் வலியும் சோர்வும் தரும் நோய்), டிஸ்க் தேய்மானம், நரம்பு வலி, அல்லது வெறுமனே ‘நாள்பட்ட வலி’. பெயர் கிடைத்த அன்று பாதி நிம்மதி. ஆனால் மாதங்கள் போகப் போக வலி அடங்கவில்லை. கூடுகிறது, இடம் மாறுகிறது, முன்பு இல்லாத தொந்தரவுகள் வந்து சேர்கின்றன. டாக்டரிடம் போனால், “இந்த நோயே அப்படித்தாங்க” என்று மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பிவிடுகிறார். கேள்வி கேட்கவும் தயக்கம், கேட்காமல் இருக்கவும் பயம்.

இந்த இடத்துக்குப் புதிதாக வந்து நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி எவ்வளவு அதிகம் என்று சொல்லி ஒரு டாக்டரை மறுபடி யோசிக்க வைப்பது கடினம். என்ன மாறியிருக்கிறது என்று காட்டினால் அவர் யோசித்தே ஆக வேண்டும். நாள்பட்ட வலிக்காரர் “தாங்க முடியலை” என்பது அவருக்குப் புதுச் செய்தி இல்லை. போன ஆண்டு இல்லாத மரத்துப்போதல் இந்த ஆண்டு இருக்கிறது என்பது புதுச் செய்தி.

இது நோயாளிகள் தாங்களாகக் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2021-இல் வெளியிட்ட நாள்பட்ட வலி வழிகாட்டுதல், முதலில் சொன்ன நோய்ப்பெயர் காலப்போக்கில் மாறலாம் என்கிறது. அறிகுறிகளின் தன்மை மாறினால் மறுபடி ஆராய வேண்டும் என்றும் மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அதாவது நீங்கள் கேட்கப்போவது வழக்கத்துக்கு மாறான சலுகை ஒன்றும் இல்லை.

காத்திருக்கக் கூடாதவை

கீழே வருவதெல்லாம் நாட்களும் வாரங்களும் எடுக்கும் வேலை. ஆனால் சில அறிகுறிகளுக்கு அந்த அவகாசமே கிடையாது. ‘ஏற்கெனவே கண்டுபிடித்த நோய்தானே’ என்று இவற்றைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவதுதான் நாள்பட்ட வலிக்காரர்களுக்கு வரும் பெரிய ஆபத்து.

முதுகுவலியோடு பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை ஆகிய இடங்கள் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமலே வெளியேறினால், இரண்டு கால்களிலும் பலம் குறைந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடத்தின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் இது. இங்கே மணிக்கணக்கு முக்கியம். நாள் தள்ளினால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அதே அவசரம். தலைப் பக்கத்து ரத்தக்குழாய்களில் அழற்சியாக இருக்கலாம்; சிகிச்சை தாமதித்தால் பார்வை போய்விடும்.

அப்புறம், நெஞ்சு அழுத்தம், திடீரென ஒரு பக்கம் பலமிழத்தல், காய்ச்சலோடு கூடிய கடும் முதுகுவலி, விழுந்தபின் வந்த கடும் வலி. இவை எதற்கும் டைரி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவு அவசரமில்லாவிட்டாலும், அடுத்த சந்திப்பை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டிய அடையாளங்களும் உண்டு: முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, எப்படிப் படுத்தாலும் இரவில் அடங்காத வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் திடீர் முதுகுவலி. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: கை விரல்கள் தடுமாறுவது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, கையெழுத்து கோணுகிறது, நடக்கும்போது கால் சரியாக ஊன்றவில்லை. கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்பட்டால் இப்படித்தான் ஆரம்பிக்கும். வலி பெரிதாக இல்லாமலும் இருக்கலாம், அதனாலேயே தவறிப்போகிறது.

கூடுவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்

வலி கூடினால் மனம் நேராக ‘டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார்’ என்பதற்குப் போகும். இருக்கலாம். ஆனால் அது நான்கில் ஒன்றுதான்.

ஒன்று, பெயரே தவறு. இரண்டு, பெயர் சரி, கூடவே இன்னொரு நோய் சேர்ந்திருக்கிறது. மூன்று, பெயர் சரி, சிகிச்சை வேலை செய்யவில்லை. சில நேரம் சிகிச்சையே வலியைக் கூட்டுகிறது. நான்கு, பெயர் சரி, இது அந்த நோயின் ஏற்ற இறக்கங்களில் ஓர் ஏற்றம்.

என் அனுபவத்தில் மக்கள் முதலாவதைப் பற்றியே சண்டை போடுகிறார்கள், இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு முடக்குவாதம் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அந்த நோய்க்கான 2016-ஆம் ஆண்டு வரையறையிலேயே இது தெளிவாக இருக்கிறது: வேறு நோய் இருந்தாலும் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லலாம், ஃபைப்ரோமயால்ஜியா இருப்பதால் வேறு நோய் இல்லை என்று ஆகிவிடாது. பெயர் ஒட்டிய பிறகு வரும் எல்லாத் தொந்தரவையும் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதிவிடுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட தவறு. டாக்டர்களும் செய்கிறார்கள், நாமும் செய்கிறோம், வீட்டில் இருப்பவர்களும் செய்கிறார்கள்.

இப்படி நான்காகப் பிரித்துப் பார்ப்பதில் இன்னொரு நன்மை. டாக்டரிடம் “நீங்க சொன்னது தப்பு” என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. “இந்த நாலுல எது டாக்டர்?” என்று கேட்டால் போதும். அவருக்கும் பதில் சொல்ல வழி இருக்கும்.

பெயர் எந்த அடிப்படையில் வந்தது?

உங்கள் பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். இல்லாதவற்றைப் பரிசோதனை செய்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் என்றால் எழுத்து அறிக்கை மட்டும் போதாது, படங்களும் வேண்டும். இன்னொரு மருத்துவர் தன் கண்ணால் பார்க்க விரும்புவார்.

அடுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு படியுங்கள்: இந்தப் பெயரை எதை வைத்துச் சொன்னார்கள்? பெயர்கள் எல்லாம் ஒரே உறுதியோடு வருவதில்லை. எலும்பு முறிவு படத்தில் தெரியும். ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. உடலில் எத்தனை பகுதிகளில் வலி, தூக்கம் எப்படி, சோர்வு எவ்வளவு, மறதி உண்டா என்று கேட்டு, மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். 1990-இன் பழைய வரையறைப்படி உடலில் குறிப்பிட்ட 18 புள்ளிகளை அழுத்தி, 11-இல் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆக, உங்களை யாரும் கேட்காமல், அழுத்திப் பார்க்காமல், ‘எல்லா டெஸ்ட்டும் நார்மல், அதனால் ஃபைப்ரோ’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பெயரின் அடித்தளம் பலவீனம்.

‘டிஸ்க் தேய்மானம்’ இதற்கு நேர் எதிர்ப்பக்கத்துச் சிக்கல். படத்தில் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் வலிக்குக் காரணம் அதுதானா என்பது தெளிவில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. டிஸ்க் பிதுக்கமும் அப்படியே, 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களின் கணக்கு இது. அதனால் ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரியை வைத்துத்தான் உங்களுக்குப் பெயர் வந்தது என்றால், அந்த வரி உங்கள் வலியின் இடத்தோடும், அது பரவும் பாதையோடும், அசையும்போது அது மாறும் விதத்தோடும் பொருந்துகிறதா என்று கேட்பது முற்றிலும் நியாயம்.

மூன்று வாரம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

வலி டைரி எழுதச் சொல்லாத கட்டுரையே இல்லை. ஆனால் பெரும்பாலான டைரிகளை டாக்டர்கள் புரட்டிப் பார்ப்பதில்லை, காரணம் அதில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. ‘திங்கள் 7, செவ்வாய் 8, புதன் 7.’ இதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

எழுத வேண்டியது இப்படி:

‘செவ்வாய். காலை எழுந்ததும் இடுப்பு விறைப்பு, நிமிர ஒரு மணி நேரம். நடக்க நடக்கச் சரியானது. மதியம் உட்கார்ந்தே இருந்தேன், மறுபடி பிடித்துக்கொண்டது. இரவு மூன்று மணிக்கு வலியில் விழிப்பு, எழுந்து நடந்ததும் தேவலை.’

இதைப் படிக்கும் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். ஓய்வில் கூடி, அசைவில் குறைந்து, இரவின் பிற்பாதியில் எழுப்பி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு என்பது அழற்சி வகை முதுகுவலியின் முகம். 40, 45 வயதுக்கு முன் மெல்ல மெல்ல ஆரம்பித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முதுகெலும்பு மூட்டு அழற்சி இருந்தும் பல ஆண்டுகள் ‘தசைப்பிடிப்பு’, ‘டிஸ்க்’ என்ற பெயரோடு அலைந்தவர்கள் நிறைய. இதை ‘வலி 8’ என்று எழுதியிருந்தால் இத்தனையும் காணாமல் போயிருக்கும்.

இதே போல: நடந்தால் கால் வலித்து, நின்றால் குறைகிறதா, உட்கார்ந்தோ முன்னால் குனிந்தோதான் குறைகிறதா? நின்றாலே போதும் என்றால் ரத்தக்குழாய்ப் பக்கம் பார்க்க வேண்டும். குனிந்தால்தான் என்றால் முதுகெலும்புக் கால்வாய் சுருக்கம். வலி மாதவிடாயோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? அடிவயிறு, இடுப்பு, மலம் கழிக்கும்போது வலி எல்லாம் அந்த நாட்களில் கூடினால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) பற்றிக் கேட்க வேண்டும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரியாமலும் போகலாம். ஒரு கை அல்லது காலின் நிறமும் சூடும் மற்றதிலிருந்து மாறி, வீங்கி, தொட்டாலே வலிக்கிறதா? போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் அது மறைந்திருக்கும், எப்போதும் அப்படித்தான்.

வலியின் தன்மையை உங்கள் வாய்க்கு வரும் சொல்லிலேயே எழுதுங்கள். குடைச்சல், கடுப்பு, திகுதிகுவென எரிச்சல், சுரீரென்று கரண்ட் அடிப்பது, மதமதப்பு. எரிச்சல், கரண்ட், மதமதப்பு மூன்றும் நரம்பின் பக்கம் கை காட்டும். ‘பெயின்’ என்று சொன்னால் ஒன்றும் தெரியாது.

எண் போட்டே ஆக வேண்டும் என்றால் செயலுக்குப் போடுங்கள். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை மாடி ஏற முடிகிறது. போன ஆண்டும் இந்த ஆண்டும் எவ்வளவு.

மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நாளெல்லாம் வலியையே கவனித்துக்கொண்டிருந்தால் வலி கூடத்தான் செய்யும். வேலை முடிந்ததும் நோட்டை மூடுங்கள்.

மருந்துப் பெட்டியைச் சந்தேகியுங்கள்

இதை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம், யாரும் கேட்காமல் விடும் பகுதி இது என்பதுதான். ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. கடையில் நீங்களாக வாங்கியது யாருக்குமே தெரியாது.

கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலருக்குத் தசைவலி தரும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் நீண்ட நாளில் பி12-ஐக் குறைக்கலாம். பி12 குறைந்தால் கால் எரிச்சலும் மதமதப்பும் வரும், அதைச் சர்க்கரை நோயின் நரம்பு பாதிப்பு என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் தரப்படும் அரோமடேஸ் தடுப்பான்கள் மூட்டுகளைப் பிடிக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் தசைநாண்களைப் பாதிக்கக்கூடும். நரம்புக்கு நல்லது என்று வாங்கிச் சாப்பிடும் பி6 அதிக அளவில் நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

வலி மாத்திரைகளே வலியைக் கூட்டுவதும் உண்டு. தலைவலிக்காரர்கள் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரைகளை எடுத்தால், அல்லது 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் (ஒற்றைத் தலைவலி மாத்திரை), ஓபியாய்டு (மார்ஃபின், டிரமடால் போன்றவை) வகைகளை எடுத்தால், மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே தொடரும்போது அந்த மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கும். ஓபியாய்டு மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு உடல் வலியைக் கூடுதலாக உணர ஆரம்பிக்கிறது. அளவைக் கூட்டக் கூட்ட வலியும் பரவும்.

இதைப் படித்துவிட்டு எதையும் சட்டென நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு, நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபாலின், காபாபென்டின், டுலாக்சடின், அப்புறம் ஓபியாய்டு இவை எல்லாமே படிப்படியாகக் குறைக்க வேண்டியவை. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பட்டியல் எழுதுங்கள்: மருந்து, அளவு, ஆரம்பித்த மாதம். அதன் பக்கத்திலேயே வலி கூட ஆரம்பித்த மாதம். இரண்டும் அருகருகே வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

கனத்த ஃபைலை மேசையில் வைத்தால் மருத்துவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு “என்ன பிரச்சினை?” என்றுதான் கேட்பார். ஃபைல் கையில் இருக்கட்டும். அவரிடம் நீட்ட வேண்டியது ஒரு பக்கம். அதன் முதல் வரியில் டாக்டர் சொன்ன நோய்ப்பெயர், அதைச் சொன்ன ஆண்டு. அடுத்து, ‘அப்போது இல்லாதது, இப்போது இருப்பது’ என்று மூன்று நான்கு வரிகள். பிறகு, அப்போது செய்ய முடிந்து இப்போது முடியாத வேலைகள். முயன்ற சிகிச்சைகளும் ஒவ்வொன்றின் பலனும். கடைசியில் குடும்பத்தில் யாருக்காவது மூட்டுவாதம், சொரியாசிஸ், தைராய்டு, குடல் அழற்சி இருந்தால் அது. சொரியாசிஸையும் குடல் அழற்சியையும் தோல் நோய், வயிற்று நோய் என்று யாரும் வலி டாக்டரிடம் சொல்வதில்லை. ஆனால் மூட்டு, முதுகு அழற்சியோடு அவற்றுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கண் சிவந்து வலித்து சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சேருங்கள்.

நீங்கள் சந்தேகிக்கும் நோயின் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். இணையத்தில் தேடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, எல்லாரும் தேடத்தான் செய்கிறோம். ஆனால் பெயரை முதலில் வைத்தால் பேச்சு அந்தப் பெயரை மறுப்பதிலேயே முடிந்துவிடும். முதலில் மாற்றங்கள், பிறகு “இதுக்கு வேற என்ன காரணம் இருக்கலாம்?”, அப்புறம்தான் “நான் இதைப் பத்திப் படிச்சேன், பொருந்துமா?”

அறைக்குள்

பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“இந்த நோய்ல வலி கூடும் குறையும்ங்க. பயப்பட வேண்டாம்.”

“சரி டாக்டர். வலி கூடினதை விட, இந்த மூணும் புதுசா வந்திருக்கு. இதுவும் அதே நோயால வர்றதுதானா?”

“இருக்கலாம்.”

“அப்படி இல்லைன்னா வேற என்னவா இருக்கும்? அது இல்லைன்னு எதை வெச்சு உறுதியாச் சொல்லலாம்?”

கடைசிக் கேள்விதான் கதவைத் திறக்கும். நோய்ப்பெயரைத் தாக்காமல், அவர் மனதில் இருக்கும் மாற்றுப் பட்டியலை வெளியே எடுக்கச் சொல்கிறது. நல்ல மருத்துவர் இந்த இடத்தில் ஒன்றிரண்டு பெயர்களைச் சொல்லுவார், அல்லது உங்களைப் படுக்கச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார். தொட்டே பார்க்காமல் பல ஆண்டுகள் போயிருந்தால், “ஒரு தடவை எக்ஸாமின் பண்ணிப் பாருங்க டாக்டர்” என்று வாய்விட்டே கேளுங்கள். கை கால் பலம், உணர்ச்சி, அனிச்சைத் துடிப்பு, மூட்டு வீக்கம் பார்க்க அதிக நேரம் ஆகாது. பல ஸ்கேன்கள் சொல்லாததை அது சொல்லும்.

மறுபரிசோதனை தேவையில்லை என்று அவர் முடிவு செய்தால், அந்தக் காரணத்தைக் குறிப்பில் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். மிரட்டுகிற தொனி வேண்டாம். அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அது உண்மையிலேயே உதவும்.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். உங்களுக்காகப் பேசுவதற்கு இல்லை. “போன வருஷம் இவங்க தானாவே நடந்து போனாங்க, இப்ப கைப்பிடி வேணும்” என்று சொல்வதற்கு. வெளியிலிருந்து பார்த்தவரின் ஒரு வரிக்கு நம்முடைய பத்து வரியின் எடை இருக்கிறது. அது நியாயம் இல்லை, ஆனால் அப்படித்தான்.

‘எல்லாம் நார்மல்’ என்றால் என்ன?

எந்த டெஸ்ட் செய்தார்களோ அது நார்மல், அவ்வளவுதான். செய்யாததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சில எடுத்துக்காட்டுகள்: முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்வாகவே இருக்கும். நரம்பின் வேகத்தை அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் சோதனை பெரிய நரம்புகளைத்தான் பார்க்கும். மிகச் சிறிய நரம்பிழைகள் பாதிக்கப்பட்டு கால் எரிந்தாலும் அது நார்மல் என்றே வரும், அதற்குத் தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். முதுகுக்கு எடுத்த வழக்கமான எம்.ஆர்.ஐ. டிஸ்க்குகளைக் காட்டும், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோ இலியாக் மூட்டுகளைச் சரியாகக் காட்டாது. அழற்சி ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். முழங்கால் வலிக்கு முழங்காலையே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், காரணம் இடுப்பு மூட்டில் இருக்கும்.

மறுபக்கமும் உண்மை. ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால் லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) என்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும். முதுகெலும்பு அழற்சியோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 மரபணுவும் அப்படியே, அது இருக்கும் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாம் என்ற ஆசை புரிகிறது. ஆனால் காரணமில்லாமல் எடுக்கும் ஒவ்வொரு டெஸ்ட்டும் பொய் எச்சரிக்கை தர வாய்ப்பு உண்டு. அதன் பின்னால் இன்னும் சில மாதங்கள் போய்விடும். ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., மற்றும் தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, பி12, கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை எப்போது கடைசியாகப் பார்க்கப்பட்டன என்று தேதி பாருங்கள். வலி கூடுவதற்கு முன் எடுத்ததென்றால் மறுபடி பார்க்கக் கேட்பது நியாயம். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் ‘முடிவு எப்படி வந்தா சிகிச்சை மாறும்?’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். எப்படி வந்தாலும் மாறாது என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம்.

இரண்டாவது கருத்து

அதே துறையில் இன்னொருவரைப் பார்ப்பதைவிட, அறிகுறி காட்டும் துறைக்குப் போவதுதான் பெரும்பாலும் பலன் தரும். காலை விறைப்பு, மூட்டு வீக்கம் என்றால் மூட்டுவாத நிபுணர். மரத்துப்போதல், பலக்குறைவு என்றால் நரம்பியல். மாதச் சுழற்சியோடு வரும் வலிக்கு எண்டோமெட்ரியோசிஸில் அனுபவம் உள்ள பெண்கள் நல மருத்துவர். எதிலும் அடங்காமல் எல்லா இடத்திலும் இருந்தால் பொது மருத்துவர் ஒருவர் முதலிலிருந்து பார்ப்பது நல்லது. தனித்தனி நிபுணர்கள் தங்கள் துறையில் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

புதியவரிடம் பழைய பெயரை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அதை முதல் வரியாகச் சொல்ல வேண்டாம். “எனக்கு ஃபைப்ரோ” என்று ஆரம்பித்தால் அவரும் அதே வழியில் யோசிக்க ஆரம்பிப்பார். “இரண்டு ஆண்டாக இப்படி இருக்கிறது, ஆறு மாதமாக இது புதிது” என்று ஆரம்பித்து, கடைசியில் பெயரைச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவுகள் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் அதே டெஸ்ட்டுகளை மறுபடி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பழைய டாக்டரிடம் சொல்லிவிட்டே போகலாம். பெரும்பாலானோர் கோபிப்பதில்லை, சிலருக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருக்கும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டே இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கேள்வியை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினால் பதிலும் மாறாது.

‘மனசுதான் காரணம்’ என்று சொன்னால்

இந்த இடத்தில் பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். எழ வேண்டாம். மனச்சோர்வும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பது உண்மை. வலி அவை இரண்டையும் கூட்டும் என்பதும் உண்மை. நரம்பு மண்டலமே வலியைப் பெருக்கிக் காட்டும் நிலை நிஜமான உடல் நிலை, கற்பனை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், நாள்பட்ட வலி தனிப் பிரிவாகவே இடம்பெற்றிருக்கிறது. அதனால், “மனசுக்கான சிகிச்சையை எடுத்துக்கிறேன் டாக்டர். அதே நேரத்துல இந்தப் புது அறிகுறிகளையும் பார்த்துடலாமா?” என்று கேளுங்கள். ஒன்றை ஏற்பதால் மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கால் பலம் குறைந்ததையும் எடை குறைந்ததையும் பரிசோதிக்காமலே மனசின் மேல் போட்டால், அது போதுமான பதில் இல்லை. அங்கே வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

அதே பெயர்தான் என்று மறுபடி வந்தால்

வரலாம், நிறைய பேருக்கு வரும். எல்லாம் மறுபடி பார்த்து, வேறு நோய் இல்லை, இது அதேதான் என்று இரண்டாவது மருத்துவரும் சொன்னால், அப்போது நீங்கள் கேட்க வேண்டியது மூன்றாவது காரணத்தைப் பற்றி: சிகிச்சை. நைஸ் வழிகாட்டுதல், வேறு நோய் எதுவும் காரணமில்லாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரோஃபன் வகை, ஓபியாய்டு, காபாபென்டின் வகை மருந்துகளைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சித் திட்டம், உளவியல் சிகிச்சை, சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றை முன்வைக்கிறது. உங்கள் சீட்டில் முதல் பட்டியல் மட்டுமே இருந்து, இரண்டாவதில் ஒன்றுகூட முயன்றிராவிட்டால், பேச வேண்டியது அதைத்தான்.

கிளம்பும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும்? ஒன்றும் வராவிட்டாலும் இந்தப் பெயரை மறுபடி எப்போது பரிசீலிப்போம்? இரண்டாவதற்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், மூன்று மாதமா ஆறு மாதமா என்று கேட்டு, முடிந்தால் அப்போதே அந்தத் தேதியைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.